பாதியாக்கிய எண்கள்

12-7-85, வெள்ளி

டாக்டர் அக்கா இன்னும் தன் கிளினிக் விளக்கை அணைக்கவில்லை.

அத்தான் துபாயிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரில் நோயாளிகளின் சர்க்கரை அளவை நான்தான் ஏற்றிவைக்கிறேன். மெமரி போதாது. அதனால் ஒவ்வொரு அளவுக்கும் மெமரியில் ஒரே ஒரு கட்டம், ஒரு பைட்தான். அதில் 255க்கு மேல் நிற்காது; சிலருக்குச் சர்க்கரை அதையும் தாண்டும். போன வாரம் ஒரு தந்திரம் செய்தேன். பாதியாக்கிப் போட்டு, திரையாக மாட்டியிருக்கும் டிவியில் காட்டும்போது இரட்டிக்கச் சொன்னேன். ஏற்கெனவே முழுசாகக் கிடந்த பழைய அளவுகளைப் பாதியாக்க மறந்துவிட்டேன்.

இன்று காலை, குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கும் மாடசாமி அண்ணாச்சி வந்தார். லேப் இந்த வாரம் முழுக்கப் பூட்டு. அக்கா பழைய அளவைக் கேட்டாள். 140, டிவியில் 280 என்று நின்றது. மாத்திரையைக் கூட்டி எழுதிவிட்டாள்.

சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது. சாரலில் இரண்டு பேரும் குற்றாலத்துக்கு ஓடினோம். சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, வழுக்குப்பாறையில் அவர் மயங்கி விழுவதுதான் வழியெல்லாம் கண்ணுக்குள் நின்றது.

"மாத்திரையா? சோலி முடிஞ்சு சாப்பிட்டுட்டுப் போடலாம்னு மடியிலயே வச்சிருக்கேன், டாக்டரம்மா" என்றார். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் அக்கா கேட்டாள்: "ஏலே, இந்த வாரம் பழைய ஆளுவ வேற யாரெல்லாம் வந்தாவ? மெஷின்ல தேதியப் பாத்து எடுத்திரலாம்லா?"

எடுக்க முடியாது. இடத்தை மிச்சம் பிடிக்க நான் முதலில் நீக்கியது, ஆள் வந்த தேதியைத்தான்.