பணமில்லாத காலத்துக்கு என் குரல்

மார்ச் 4

ஒரு வீடியோவுக்குக் குரல் கொடுக்க ஒலிப்பதிவுக் கூடத்தில் அரை நாள். "இன்னும் இருபது வருடத்தில் எல்லா வேலையையும் இயந்திரங்களே பார்த்துக்கொள்ளும். பணம் என்பதே தேவைப்படாது." உருகி உருகி வாசித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு இன்ஜினியருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான். அப்போது மட்டும் வீட்டுக்காரர் வாடகை கேட்க மாட்டாராமா? நன்றாகக் காதில் பூ சுற்றுகிறார்கள். சுற்றுகிறார்களா, சுற்றுகிறேனா? கூலியை முன்பே வாங்கிக்கொண்டுதான் மைக் முன்னால் உட்கார்ந்தேன்.

மார்ச் 9

அக்கா வீட்டில் சாப்பாடு. மாமாவுக்கு டைல்ஸ் ஒட்டி ஒட்டி முட்டி போய்விட்டது, காலை நீட்டித்தான் உட்கார்கிறார். பஸ்ஸில் நிறுத்தம் சொல்வது என் குரல் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. "நான் பாட்டுக்குத் தூங்குவேன். மச்சினி சொன்னா எழுந்து இறங்கிடுவேன்." அந்த வீடியோவையும் நாலு தடவை பார்த்தாராம். "என்னமா பேசியிருக்கே!" என்றார். இனித்தது. இன்னொரு கரண்டி ரசம் வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 27

அக்கா போனில் அழுகிறாள். பதினோரு வருடம் கட்டிய பென்ஷனைப் பாதியில் மூடி, வந்ததில் சோபா வாங்கிவிட்டாராம் மாமா. "நம்ம வீட்டுப் பொண்ணே சொல்றா, இனிமே பணத்துக்கு மதிப்பிருக்காதுன்னு. இருக்கறப்பவே அனுபவிப்போம்" என்றாராம்.

ஐயோ. நம்பிட்டாரே மனுஷன். தவளை தன் வாயால் கெடும்பாங்க. என் வாயால கெட்டது மாமா.

மார்ச் 28

இரண்டாம் பாகம் பேசக் கூப்பிட்டார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இதிலும் பொய்.

மார்ச் 30

அக்கா வீட்டுக்குப் போனேன். சோபாவின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

"மாமா, அதுல ஒரு வார்த்தைகூட நான் நம்பல."

"அப்புறம் எதுக்கும்மா பேசினே?"

"காசுக்கு."

அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். "அது சரி" என்று முட்டியைத் தடவிக்கொண்டார். அக்கா என் முகத்தையே பார்க்கவில்லை. கூனிக் குறுகிப் போனேன்.

ஏப்ரல் 2

மாமாவோடு பென்ஷன் அலுவலகம். மூடியது மூடியதுதான். ஐம்பத்து மூன்று வயதில் புதிதாகத் தொடங்கினால் தவணை இரண்டு மடங்கு. பாதி நான் கட்டுகிறேன் என்றேன். படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். தூங்கவில்லை. "அடுத்த நிறுத்தம், சந்தை" என்றது என் குரல். மாமா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். சந்தையின் வாசலைக் கண்ட பிறகுதான் எழுந்தார்.