இருபத்திரண்டு மாடியும் ஏறிப் பார்த்துவிட்டேன், அண்ணே

என் பிரியமான அண்ணனுக்கு,

பம்பாய் போய் வந்தேன். நீ இன்ஜினியராக இருந்து கணக்குப் போட்ட இருபத்திரண்டு மாடிக் கட்டடத்தைப் பார்த்துவிட்டேன். நீ கண்ணை மூடிய இந்த இரண்டு வருஷத்தில் வேலை முடிந்து, ஆட்களும் குடிவந்துவிட்டார்கள். பால்கனியெல்லாம் துணி காய்கிறது. உனக்குச் சந்தோஷம்தானே?

உன்மேல் எனக்கிருந்த கோபத்தை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவது மாடி எழும்பும்போது உன் கணக்கில் நீயே தப்புக் கண்டுபிடித்தாய். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை முழுக்க நிறைந்ததாக எடுக்காமல், பாதி நிறைந்ததாக எடுத்துத் தூண்களின் பாரத்தைக் குறைத்துப் போட்டிருந்தாய். திண்டுக்கல்காரனைத் தவிர வேறு யார் இப்படித் தப்புப் பண்ணுவான்? நம் தெருவில் தொட்டி நிறைந்து நாம் எப்போது பார்த்தோம்?

அந்தத் தப்பு வேறு யார் கண்ணிலும் படவில்லை. நீயாகப் போய்ச் சொன்னாய். வேலை நின்றது. தூண்களைச் சுற்றி இன்னும் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுப் பருமனாக்க நாலு மாதம் ஆனது. கம்பெனி உன் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டது. ஊருக்கு வந்த உன்னிடம், வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன என்று சண்டை போட்டேன்.

"அதுல குடியிருக்கப் போறவுகளுக்குத் தெரியாதுல்ல, தாயி. எனக்குத் தெரியுமே" என்றாய். சாப்பாடு எடுத்துவைக்காமலே நான் எழுந்து போய்விட்டேன்.

தாடிக்கொம்புக் கல்யாணத்தில் பெரியப்பா மகன், உன் கட்டடத்தில் காக்கா உட்கார்ந்தாலே சரிந்துவிடுமாமே என்று எல்லார் முன்னாலும் சிரித்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது என் மகள் கயலுக்கு சிவில் இன்ஜினியரிங்கில் இடம் கிடைத்திருக்கிறது. மாமன் பட்ட அவமானம் போதும் என்று அவள் அப்பா ஒரே பிடியாக நின்றார். எனக்கும் உள்ளூரப் பயம்தான். நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று அவளைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன்.

லிப்டில் உச்சிவரை போய் வந்தோம். ஆனாலும் எனக்கு மனசு நிறைந்தது கீழே, கார் நிறுத்துகிற இடத்தில்தான். அந்தப் பருத்த தூண்களுக்குப் பின்னால் பிள்ளைகள் ஒளிந்து விளையாடுகிறார்கள். கயல் ஒரு தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தாள். கை எட்டவில்லை.

"இதுதான் மாமா பண்ணுன தப்பாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லத்தா. தப்ப ஒத்துக்கிட்டது" என்றேன். அங்கேயே நின்று அழுதேன்.

ஊர் திரும்பியதும் அவளைக் கல்லூரியில் சேர்க்கிற படிவத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். உன் மாப்பிள்ளை இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மூன்றாம் நாள் அவரே போய் டிராயிங் போர்டு வாங்கி வந்தார்.

அவளும் மனுஷிதானே, அண்ணே. என்றைக்காவது கணக்குத் தப்பிப்போய், கலங்கிய முகத்தோடு வந்து நிற்பாள். அன்றைக்கு முதலில் அவளுக்குச் சோறு போடுவேன். அப்புறம், போய்ச் சொல்லிவிட்டு வா என்று நானே அனுப்பி, அவள் திரும்பும்வரை வாசலில் நிற்பேன். உனக்குச் செய்யாததை அவளுக்குச் செய்வேன். இது சத்தியம்.

உன் தங்கச்சி,
ராசாத்தி