மீசைக்குப் பின்னால்

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றும் பதில் இல்லை. முன்னறையிலிருந்து "என் கண்ணாடியை எங்கம்மா வெச்சே?" என்று மகளிடம் கேட்டேன். என் முகத்தையே பார்த்தாள். பிறகு போனுக்குத் திரும்பிவிட்டாள். அதே கேள்வியை அவள் அம்மா கேட்டதும், "டிவி மேல" என்று உடனே வந்தது பதில்.

பதினாறு வயது. இரண்டு காது நரம்புகளிலும் கட்டி. ஜீனில் வரும் கோளாறு என்று போன வருடம் கண்டுபிடித்தார்கள். இடது காது போய்விட்டது; வலது ஓரளவு கேட்கிறது என்றார் டாக்டர். அம்மா பேசினால் கேட்கிற காது, அப்பா பேசினால் மட்டும் ஏன் கேட்காது? யாரோ இவளை எனக்கு எதிராகத் திருப்புகிறார்கள்.

யாரோ என்ன யாரோ, எல்லாம் அவள் அம்மா வீட்டு ஆட்கள்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மனைவியோடு வாக்குவாதம். அவளுடைய அப்பா டமாரச் செவிடு. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை சொன்னார்களா?

"வயசானா எல்லாருக்கும்தான் காது மந்தமாகும்," என்கிறாள்.

எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். "ரிசல்ட் வரட்டும். உங்க வீட்டு வழியா வரலேன்னா நான் மீசையை எடுத்துடறேன்," என்றேன்.

"அந்த மீசையை வெச்சு நான் என்ன பண்ண?" என்று சொல்லிவிட்டு குக்கரைப் பார்க்கப் போய்விட்டாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மைத்துனன் வந்தான். மழுமழுவென்று சவரம் செய்த முகம், வாய் கொள்ளாத சிரிப்பு. நான் குளித்துவிட்டு வரும்போது அவனும் மகளும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே. அவன் வாயை மட்டும் அசைக்கிறான். சத்தமே இல்லை. அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். என்னைக் கண்டதும் இருவரும் கப்சிப்.

"என்ன ரகசியம்?"

"சும்மா விளையாட்டு, அத்தான்."

என் வீட்டிலேயே, என் காதில் விழக் கூடாதென்று பேசுகிறார்கள். கல்லூரியிலும் இப்படித்தான். நான் நுழைந்தால் ஆசிரியர் அறை அடங்கிப்போகும். எனக்கு வர வேண்டிய துறைத்தலைவர் பதவி, கூட வேலை பார்க்கும் அந்த வழுக்கைக்குப் போனது அப்படியோர் அமைதிக்குப் பிறகுதான்.

பிப்ரவரி 21, வெள்ளி

ரிசல்ட் வந்தது. என்னிடமும் இல்லை, இவளிடமும் இல்லை. மகளிடம் புதிதாகத் தோன்றியதாம். "பாதிப் பேருக்கு இப்படித்தான் சார். யார் மேலயும் தப்பில்ல," என்றார் டாக்டர்.

யார்மேலும் தப்பில்லாமல் இப்படி ஒன்று நடக்குமா?

மனைவி மீசைப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பதும் ஒரு தந்திரம்.

வலது பக்கக் கட்டி வளர்ந்து மூளைத்தண்டை அழுத்துகிறது. அடுத்த மாதம் எடுத்தாக வேண்டும். கொஞ்சநஞ்சம் கேட்பதும் மிஞ்சுமா என்று சொல்ல முடியாதாம்.

பிப்ரவரி 27, வியாழன்

ஆபரேஷனுக்கு முன் காது சோதனை. "உங்களுக்கு வகுப்பு இருக்குமே," என்றாள் மனைவி. அதனாலேயே போனேன்.

சோதிக்கும் பெண் ஒரு காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். நாற்காலி என்றால் மகள் "மாத்திரை?" என்கிறாள். மழை என்றால் "கடை?" காகிதத்தை இறக்கியதும் ஒன்றுகூடத் தப்பவில்லை.

"காதுல ரொம்பக் கொஞ்சம்தான் மிச்சம் சார். வாயைப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிறா. நல்லாப் பழகியிருக்கா. வீட்டுல யாரு பேசினா கஷ்டமா இருக்கும்மா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

"அப்பா. மீசை உதட்டை மூடிடுது. என்ன சொல்றார்னே தெரியாது. திட்டுறாரோன்னு இருக்கும்."

திரும்பும் வழியில் மனைவியிடம் கேட்டேன், ஏன் மறைத்தாய் என்று.

"சொன்னா நீங்க வேற அர்த்தம் எடுத்துப்பீங்க. என் தம்பி தூண்டிவிட்டான்னு ஆரம்பிப்பீங்க."

வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழக்கியதே அவன்தானே. வாரா வாரம், எனக்குத் தெரியாமல் — மிச்சக் காதும் போவதற்குள்.

மார்ச் 1, சனி

இருபது வயதில் வைத்த மீசை. இது இல்லாமல் போனால் வழுக்கை என்னவெல்லாம் சொல்வான். கத்தரித்தால் போதாதா?

கத்தரித்தேன். "தண்ணி" என்றேன் மகளிடம். கூர்ந்து பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "பன்னியா? யாருப்பா?"

மார்ச் 3, திங்கள்

எடுத்துவிட்டேன்.

"என்ன சார், பந்தயத்துல தோத்துட்டீங்களா?" என்றான் வழுக்கை. ஆமாம் என்றேன். உண்மைதானே.

மாலையில் மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அப்பா, உங்க வாய் இவ்ளோ சின்னதா?"

சாப்பிட்டியா என்று வாயை மட்டும் அசைத்தேன்.

"சாப்ட்டேன். நீங்க?"

மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாளோ? இருக்கும்.

மார்ச் 15, சனி

கட்டியை எடுத்துவிட்டார்கள். வலது காதும் போயிற்று.

வழுக்கை ஆப்பிள் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். கட்டிலருகே நின்றுகொண்டு, துறையைத் தான் எப்படித் தூக்கி நிறுத்தினேன் என்று ஒரே அளப்பு. நான் ஜன்னலோரம் நின்று வழக்கம்போல் எனக்குள், "மண்டு" என்றேன். உதடு மட்டும்தான் அசைந்தது.

தலையில் கட்டோடு படுத்திருந்த மகள் சிரித்தாள். தையல் இழுத்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தாள். பிறகு அவளும் வாயை மட்டும் அசைத்து என்னவோ சொன்னாள். எனக்கு இன்னும் அவ்வளவு பழக்கமில்லை. மெதுவாகத் திரும்பச் சொன்னாள்: பாத்துட்டேன்.

வழுக்கை எங்களை மாறி மாறிப் பார்த்தான். "என்ன சார் ரகசியம்?"

"சும்மா விளையாட்டு," என்றேன்.