குரைக்காத நாய் வேண்டும்

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாவது முறையாகக் கதவில் சீட்டு: ‘வீட்டில் ஆள் இல்லை.’ காலையிலிருந்து தையல் மிஷினை விட்டு நகரவில்லை நான். மதியம் மிஷினையும் நிறுத்திவிட்டுக் கையால் பட்டன்தான் தைத்துக்கொண்டிருந்தேன். பெல்லை ஒழுங்காக அழுத்தினால் கூரியர்காரருக்கு விரல் தேய்ந்துவிடுமா?

என் வீட்டுக்காரரும் அப்படித்தான். சொல்லாமல் கொள்ளாமல் பஸ் டிப்போவுக்குக் கிளம்பிவிடுகிறார். முன்பெல்லாம் ‘போய்ட்டு வரேன்’ என்றாவது சொல்வார். இப்போது அதுவும் போச்சு.

மார்ச் 5, வியாழன்

மகள் போன் செய்தாள். வழக்கம்போல லைன் சரியில்லை. கடைசியில் கத்தியே சொன்னாள்: “ஒரு நாய் வளர்மா! வாசல்ல ஆள் வந்தா அது சொல்லும்!”

எனக்கும் ஆசைதான். அவள் வேலைக்கென்று வெளியூர் போனதிலிருந்து பகல் முழுக்க மிஷினோடுதான் பேச்சு.

இவரிடம் சொன்னால், “நாய் கிடக்கட்டும், முதல்ல காது டாக்டர்கிட்ட போவோம்” என்கிறார். இரண்டு வருஷமாக இதே பல்லவி. “வாய்க்குள்ளயே முணுமுணுத்தா யாருக்குக் கேக்கும்? முதல்ல உங்க வாயைக் காட்டுங்க டாக்டர்கிட்ட” என்றேன். முப்பத்தொரு வருஷம் நூறு மிஷின் ஓடுகிற கம்பெனியில் தைத்தவள். எனக்கா காது கேட்காது?

மார்ச் 7, சனி

குடியிருப்புச் செயலாளரின் நிபந்தனை: நாய் குரைக்கக் கூடாது. மேல்வீட்டு நர்ஸ் இரவு வேலைக்குப் போகிறவள், பகலில்தான் தூங்குவாள். எழுத்துமூலம் மூன்று புகார் வந்தால் நாய் வெளியே. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். சத்தம் போடாத நாயைப் பார்த்து வாங்கத் தெரியாதா எனக்கு?

மார்ச் 8, ஞாயிறு

இவருக்கு டியூட்டி. நாய்ப்பண்ணைக்குத் தனியாகத்தான் போனேன். அப்பப்பா!

லாப்ரடார் அமைதியான சாதியாம். மகள் சொன்னாள். பக்கத்தில் போனதும் ‘வவ்’ என்று ஒரு சத்தம் போட்டது பாருங்கள், பீரங்கிதான். ஜெர்மன் ஷெப்பர்ட் அதற்கு அண்ணன். கிரேட் டேன் வாயைத் திறந்தபோது என் கைப்பையே அதிர்ந்தது. இதையெல்லாம் வீட்டில் வைத்தால் நர்ஸ் என்னைச் சும்மா விடுவாளா?

கடைசிக் கூண்டில் ஒரு வயதுப் பொமரேனியன். வெள்ளைப் பஞ்சுப் பொதி. அரை மணி நேரம் மடியில் வைத்திருந்தேன். அவ்வப்போது வாயைத் திறந்து லேசாகத் தும்மினான், அவ்வளவுதான். “குரைக்காத நாய் இதுதான்” என்றேன். பண்ணைக்கார அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கூண்டைக் கழுவிக்கொண்டே என்னமோ சொன்னார். தலையாட்டி வைத்தேன்.

‘சாமியார்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். மௌன விரதக்காரன்.

இவர் வந்து பார்த்தார். “உலகத்துல இத்தனை நாய் இருக்க, நீ...” என்று ஆரம்பித்து, சிரித்து, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எல்லாவற்றிலும் குறை!

மார்ச் 16, திங்கள்

இவர் டிப்போவுக்குக் கிளம்பும்போதெல்லாம் சாமியார் தும்முகிறான். ஜலதோஷமோ?

மார்ச் 20, வெள்ளி

முதல் புகார். ‘நாள் முழுவதும் இடைவிடாத குரைப்பு.’ யார் நாய்? என் சாமியாரா? பொய்யிலும் ஒரு நியாயம் வேண்டாமா?

மார்ச் 24, செவ்வாய்

ரெண்டாவது புகார். வாயில்லாப் பிராணி மேல பழி போட எப்படித்தான் மனசு வருதோ! நாள் பூரா என் காலடியில பீஸ் துணி மேல சுருண்டு கிடக்கான். இன்னும் ஒண்ணு வந்தா அவன் போயிடணும். அவன் போனா எனக்குப் பகல்ல யாரு இருக்கா? இவர்கிட்ட கத்தினேன். அவர் பதிலுக்கு ஏதோ முணுமுணுத்தார். அதுவும் புரியல.

மார்ச் 27, வெள்ளி

தும்மலுக்குக் கால்நடை டாக்டரிடம் காட்டினேன். அவர் முகத்துக்கு நேராகவே சாமியார் தும்மினான். மனுஷன் இரண்டடி பின்னால் துள்ளினார். ஒரு தும்மலுக்கு இவ்வளவு பயமா? மூக்கு சுத்தமாக இருக்கிறதாம். நாயை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 2, வியாழன்

நர்ஸ் மூன்றாவது புகாரைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்தாள். கண் இரண்டும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. “உள்ள வாங்க, உட்காருங்க, நீங்களே பாருங்க, குரைக்கிறானான்னு” என்று இழுத்து உட்காரவைத்தேன்.

மாடிப்படியில் யாரோ ஏறினார்கள். சாமியார் வாசலுக்கு ஓடித் தும்மினான்.

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

நான் பொத்தவில்லை. எதற்குப் பொத்த வேண்டும்? அவன் விடாமல் தும்மினான். அவள் முகம் சுளித்தாள். ஓடிப்போய் அவன் தொண்டையில் கை வைத்தேன். முழு வேகத்தில் ஓடுகிற மிஷின் மாதிரி அதிர்ந்துகொண்டிருந்தது.

அவள் நாற்காலியை என் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். “அக்கா, இது உங்களுக்கு எவ்வளவு கேக்குது?”

“தும்மல் அளவு.”

அப்புறம் அழுதுவிட்டேன். வெட்கம். கோபமும்தான், யார்மேல் என்று தெரியவில்லை. அவள் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். “ஒரு மாசம் பொறுத்துக்கிறேன். டாக்டரைப் பாருங்க.”

ஏப்ரல் 3, வெள்ளி

இவரிடம் சொன்னேன். ‘அப்பவே சொன்னேன்ல’ என்று ஆரம்பித்தால் கரண்டியை எடுக்கலாம் என்று தயாராக இருந்தேன். மனுஷன் நேராக டிப்போவுக்குப் போனார். லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஏப்ரல் 11, சனி

கனத்த சத்தம் கேட்குமாம். கீச்சென்ற சத்தம், மெல்லிய பேச்சு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டதாம். கம்பெனி மிஷின்களின் கைங்கரியம். அதனால்தான் லாப்ரடார் பீரங்கி, பொமரேனியன் தும்மல். போயும் போயும் இருக்கிறதிலேயே வாயாடி நாயைத் தேடிப் பிடித்திருக்கிறேன்!

ஏப்ரல் 20, திங்கள்

சாயங்காலம் காதில் கருவி மாட்டினார்கள். குழாய்த் தண்ணீர் இவ்வளவு சத்தம் போடுமா? வீட்டுக் கதவைத் திறந்ததும் சாமியார் குரைத்தான். ஐயோ, அந்த நர்ஸ் ஒன்றரை மாதம் எப்படித்தான் தூங்கினாள்! அதட்டினேன். உடனே நிறுத்திவிட்டான். இதுவரை யாரும் அதட்டியதில்லை, பாவம்.

ஏப்ரல் 21, செவ்வாய்

காலையில் கட்டிங் மேஜையில் இருந்தேன். இவர் வாசலில் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, அந்த ஷூவிடம் சொல்வது மாதிரி சொன்னார்: “போய்ட்டு வரேன்மா.”

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். “இது என்ன புதுசா?”

“தினமும் சொல்றதுதானே.”

சாமியார் அவர் காலருகே நின்று என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை குரைத்தான். இவர் கிளம்பும்போதெல்லாம் தும்முவானே, அதேதான்.

“சரிடா, கேட்டுச்சு” என்றேன்.