பன்னிரண்டு நொடிக்கு ஒருமுறை

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் விமானத்தைப் புல்வெளியில் கொண்டுபோய்க் குத்திவிட்டேன். இதோடு நான்காவது முறை. ஓடுதளம் கண்ணுக்கு நேரே வருகிறது, உயரம் சரி, வேகம் சரி. திடீரென்று படம் ஒரு கணம் அப்படியே நிற்கிறது. மறுபடி நகரும்போது நான் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "என்னங்க, ஏதாவது பண்ணுதா?"

"ஒண்ணும் பண்ணலை."

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற இந்த சிமுலேட்டரைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனவன் மச்சான், அவளுடைய தம்பி. தபால் நிலையத்தில் வேலை. கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால் மட்டும் மேதையாகிவிடுவான். "மாமா, கிரேன்ல பண்றதும் இதுவும் ஒண்ணுதான். ரெண்டு கைக்கும் வேலை இருக்கும். சும்மா உக்காந்து சுவரைப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க" என்றான். அவன் சொன்னதில் இது ஒன்று சரி. பதினெட்டு வருடம் டவர் கிரேன் ஓட்டியவன் நான். நவம்பரில் மூளையில் ஒரு சின்ன அடைப்பு. மூன்று வாரம் இடது கை யாருடைய கையோ போலத் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது சட்டைப் பொத்தான் போடுகிறது, தோசை திருப்புகிறது. ஏப்ரல் ஒன்றாம் தேதி கம்பெனி டாக்டர் பரிசோதனை. அதில் தேறினால் மறுபடி மேலே ஏறலாம்.

மார்ச் 6, வெள்ளி

எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் இந்த நோட்டைத் தொடவில்லை. எழுதிவிடுகிறேன்.

நிற்பது படமா, நானா?

நவம்பரில் அன்று காலை முகம் மழித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் என் முகம் ஒரு கணம் உறைந்த மாதிரி நின்றது. அடுத்த கணம் சவரக்கத்தி தரையில் கிடந்தது. நடுவில் என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. சிமுலேட்டரில் படம் நிற்கும்போது அதே மாதிரிதான் இருக்கிறது. அச்சு அசல் அதே மாதிரி.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி ஸ்கேன். ஏப்ரல் ஒன்று கையை விட்டுப் போகும். அவள் வேறு நர்ஸ். என் கண் இமைப்பதையே எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 8, ஞாயிறு

மச்சான் வந்தான். "விளையாட்டு கொஞ்சம் மெதுவா ஓடுற மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வேகத்தைக் கூட்டும் என்று இரண்டு புரோகிராம்களை ஏற்றினான். ஏற்கெனவே அவன் ஏற்றியிருந்த ஒன்று பெட்டிக்குள் பச்சையும் ஊதாவுமாக விளக்கெரித்துச் சூட்டின் அளவைக் காட்டிக்கொண்டிருக்கிறது. இனி மூன்று. கடைசியில் சிமுலேட்டரைத் திறந்து ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தான்.

"எங்க மாமா ஸ்டக் ஆகுது? தண்ணி மாதிரி ஓடுது!"

நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒருமுறைகூட நிற்கவில்லை.

அப்படியானால் நான்தான்.

மார்ச் 11, புதன்

தனியாக உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்தில் ஒன்பது முறை. அதற்கு மேல் எண்ணவில்லை.

மார்ச் 12, வியாழன்

விசில் வந்திருந்தான். பதினோரு வருடமாகக் கீழே நின்று எனக்கு சிக்னல் காட்டியவன். விரலை வாயில் வைத்து அவன் அடிக்கிற விசில் நாற்பது மீட்டர் மேலே கேபினுக்குள் கேட்கும். அதனால் வந்த பெயர். ஒரு மணி நேரம் இருந்தான், முக்கால் மணி நேரம் புது ஆபரேட்டரைத் திட்டினான்.

"கட்டடத்துக்குப் பின்னாடி எறக்குறப்பகூட என் கையைப் பாக்க மாட்டேங்குறான்ணே. அவன் கண்ணையே நம்புறான். நேத்து ஒரு கட்டுக் கம்பி என் தலைக்கு மேல இப்படி ஆடுது!" கையை ஆட்டிக் காட்டினான். "நீங்க எப்பண்ணே வர்றீங்க?"

ஏப்ரலில் என்றேன்.

அவன் போன பிறகு அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். கட்டடத்துக்குப் பின்னால் இறக்கும்போது எனக்குக் கொக்கி தெரியாது. பதினோரு வருடம் அவன் கண்ணால்தான் பார்த்தேன். அதில் வெட்கப்பட்டதே இல்லை. இப்போது மட்டும் என்ன? பக்கத்தில் ஒருத்தியை உட்காரவைத்து, உனக்கும் தெரிகிறதா என்று கேட்டால் முடிந்தது.

தெரியவில்லை என்று சொல்லிவிட்டால்?

மார்ச் 15, ஞாயிறு

கத்திவிட்டேன். சோபாவில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். "ஏதாவது பண்ணுதா?" என்று எட்டிப் பார்த்தாள். "பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இதையே கேட்டா மனுஷன் நல்லா இருந்தாலும் படுத்துருவான்!" என்று பாய்ந்தேன்.

அவள் பதிலுக்குக் கத்தவில்லை. மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "அன்னிக்குப் பாத்ரூம்ல ஏதோ விழுந்த சத்தம் கேட்டுச்சுங்க. கேட்டும், வேலைக்கு நேரமாச்சேன்னு, என்னன்னு கேக்காம தலை வாரிக்கிட்டிருந்தேன். ரெண்டு நிமிஷம். நர்ஸு நானு."

நான்கு மாதமாக இதை உள்ளே வைத்திருந்திருக்கிறாள்.

மார்ச் 16, திங்கள்

இன்று அவளுக்கு விடுமுறை. காலைச் சாப்பாடு முடிந்ததும் கூப்பிட்டேன். ஒரு தட்டையும் கரண்டியையும் கையில் கொடுத்தேன்.

"இங்க உக்காரு. படம் நிக்குற மாதிரி தெரிஞ்சா ஒரு தட்டு தட்டு. என் மூஞ்சியைப் பாக்காத, படத்தை மட்டும் பாரு."

"எதுக்குங்க?"

"சொல்றேன். முதல்ல பாரு."

விமானத்தைக் கிளப்பினேன். மேலே ஏறித் திரும்பியதும் படம் நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டேன்.

டங்.

அடுத்தது நின்றது. டங். அடுத்ததற்கும் டங். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. நான் பார்த்ததெல்லாம் அவளும் பார்த்தாள்.

"உனக்கும் தெரியுதா?"

"கண்ணு இருக்குற யாருக்கும் தெரியுமே! இதுக்கா பத்து நாளா உர்ருன்னு இருந்தீங்க?" என்றவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நான் அழுதுகொண்டிருந்தேன். விமானம் யாரும் ஓட்டாமல் எங்கோ போய் மலையில் மோதியது. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதன் பிறகு கிடைத்த திட்டை இங்கே எழுத இடம் போதாது. என் மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதவும் முடியாது.

மார்ச் 18, புதன்

ஒரு சுமை இறங்கியது. இனி மெஷின் பாடு, என் பாடு.

மச்சானுக்குப் போன் செய்தோம். "ஊர் மேல பறக்காதீங்க மாமா. கட்டடம் ஜாஸ்தி, மெஷின் திணறும்" என்றான். சரி என்று கடல் மேல் பறந்தேன். கீழே தண்ணீர், மேலே வானம், வேறு ஒன்றும் இல்லை. அங்கேயும் நின்றது.

அவள் நாடி பார்க்கிற கைக்கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினாள். ஊர் மேல் பன்னிரண்டு நொடிக்கு ஒருமுறை. கடல் மேலும் பன்னிரண்டு நொடிக்கு ஒருமுறை. "பாரம் தாங்காமத் திணறினா இப்படி ஒழுங்கா திணறாதுங்க. உள்ள ஏதோ ஒண்ணு மணி பாத்து வேலை செய்யுது" என்றாள். எந்த மேதைக்கும் இது தோன்றவில்லை.

கிரேனில் ஏறினால் காலையில் ஒவ்வொன்றாகத்தான் சோதிப்போம். பிரேக், பிறகு கயிறு, பிறகு கொக்கி. இரண்டை ஒரே நேரத்தில் தொட்டால் எது கெட்டது என்று தெரியாது. அதே மாதிரி, பின்னால் ஓடுகிற புரோகிராம்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, ஐந்து நிமிடம் பறந்து, இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறிக்கிறேன். போட்டோக்களைச் சேமிக்கிறது: நிறுத்தியும் மாற்றமில்லை. வைரஸ் பார்க்கிறது: மாற்றமில்லை. மச்சானின் வேகம் கூட்டி ஒன்று: மாற்றமில்லை. இரண்டு: மாற்றமில்லை. இரண்டையும் அப்படியே வழியனுப்பிவிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

கண்டுபிடித்தாகிவிட்டது!

விளக்கெரிக்கிற புரோகிராம்தான். நிறுத்தினேன். விளக்குகள் அணைந்தன. பறந்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு, இருபத்துநான்கு, முப்பத்தாறு. இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். நிற்கவே இல்லை. மறுபடி ஓடவிட்டேன். நின்றது. நிறுத்தினேன். நிற்கவில்லை. சந்தேகமே இல்லை.

அது செய்கிற வேலை இதுதான்: பன்னிரண்டு நொடிக்கு ஒருமுறை கம்ப்யூட்டரின் ஒவ்வொரு பாகத்தையும் கூப்பிட்டு, சூடாகிவிட்டாயா, நன்றாக இருக்கிறாயா என்று விசாரிக்கிறது. கம்ப்யூட்டர் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு, நன்றாக இருக்கிறேன் என்று பதில் சொல்கிறது. பதில் சொல்கிற நேரத்துக்குப் படம் நிற்கிறது.

நான் ஒன்றும் பேசவில்லை. சத்தியமாகப் பேசவில்லை. அவளைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"என்ன பார்வை? இனிமே பதிமூணு நொடிக்கு ஒரு தடவை கேக்கறேன், போதுமா?" என்றாள். சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனால் அவளை மட்டும் சொல்லக் கூடாது. படம் நிற்கிறதா, நிற்கிறதா என்று நானேதான் நாள் முழுவதும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

மச்சானுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. "பாதுகாப்புக்குப் போட்டது மாமா அது" என்று முனகினான். "அன்னிக்கு நான் பாத்தப்போ ஸ்டக் ஆகலையே?" எப்படிப் பார்த்தாய், காட்டு என்றேன். காட்டினான். ஓடுதளத்தில் விமானம் சும்மா நின்றுகொண்டிருக்கிறது. நிற்கிற படம் நின்றால் யாருக்குத் தெரியும்? நானும்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பயத்தில் எனக்கும் அது தோன்றவில்லை. அக்காவும் தம்பியும் அடித்துக்கொண்டார்கள்.

ஆனால் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுப் போனான். ஊருக்கு மேலே இறங்கும்போது கொஞ்சம் வெட்டி வெட்டி வந்துகொண்டிருந்தது. நொடிக்கு அறுபது படம் காட்டப் பார்த்து மெஷின் ஒருசமயம் அறுபது, ஒருசமயம் முப்பத்தைந்து என்று தத்தளித்ததாம். முப்பதுக்கு மேல் போகாதே என்று கட்டிவைத்தான். எல்லாம் ஒரே சீராக வருகிறது. அவசரப்பட்டு இழுத்தால் பாரம் ஆடும், நிதானமாக இழுத்தால் ஆடாது. கிரேனிலும் இதேதான். மேதைப் பட்டம் திருப்பித் தரப்பட்டது.

மார்ச் 24, செவ்வாய்

பத்து முறை இறங்கினேன். படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஏழு முறை ஓடுதளத்தில் தொட வேண்டிய கோட்டைத் தாண்டி, வெகுதூரம் மிதந்து போய்த்தான் தொட்டேன்.

இஞ்சினைத் தணிக்கிற பிடி இடது கையில். தணி என்று நினைக்கிறேன், கை தணிக்கிறது, கொஞ்சம் தாமதமாக. அரை நொடி இருக்கும் என்கிறாள் அவள். படம் நின்று நின்று போனவரை இது தெரியவில்லை. எல்லாப் பழியையும் அதன் மேல் போட முடிந்தது.

இந்த முறை நான்தான்.

ஆச்சரியம், அன்று மாதிரி பயம் வரவில்லை. வருத்தம் வந்தது.

மார்ச் 27, வெள்ளி

பத்தில் ஆறு.

கம்பெனி டாக்டர் என்ன பார்ப்பார் என்று தெரியும். விரலை அழுத்து, மூக்கைத் தொடு, நேராக நட. எல்லாவற்றிலும் தேறிவிடுவேன். அரை நொடி யாருக்கும் தெரியாது.

அவளிடம் கேட்டேன், சொல்லட்டுமா என்று. "உங்க கை, உங்க வேலை. நான் எதுவும் கேக்கறதா இல்லை" என்றாள். கேட்காமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கீழே விசில் நிற்பான். அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஏப்ரல் 1, புதன்

அழுத்தினேன், தொட்டேன், நடந்தேன். "எல்லாம் நல்லா இருக்கே" என்று டாக்டரம்மா பேனாவைத் திறந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் மேடம். இடது கை அரை நொடி லேட்டா வருது." சொல்லிவிட்டு, பத்து இறக்கத்தில் எத்தனை கோட்டைத் தாண்டின என்று நான் குறித்துவந்த இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். பேனாவை மூடினார். மூடிய சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. பதினெட்டு வருடம் போச்சு என்று நினைத்தேன்.

அவர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை ஏழு, வெள்ளி ஆறு, ஞாயிறு அஞ்சு, நேத்து நாலு. கொறைஞ்சுக்கிட்டே வருது. நீங்க கவனிக்கலையா?"

கவனிக்கவில்லை. சத்தியமாகக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அன்றைய எண்ணை எழுதி, அன்றைய எண்ணுக்கு வருத்தப்பட்டிருக்கிறேன். நான்கையும் சேர்த்துப் படிக்கத் தோன்றவில்லை.

"இதை நிறுத்தாம பண்ணுங்க. ஜூலைல வாங்க, மறுபடி பாக்கலாம். அதுவரைக்கும் மேல ஏறக் கூடாது. தரையில வேலை போட எழுதித் தரேன்."

வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கவே இல்லை. ஜூலை என்றேன். என் இடது கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வந்தாள்.

ஏப்ரல் 6, திங்கள்

முதல் நாள். தலைக்கவசம், ஆரஞ்சுச் சட்டை, காலுக்குக் கீழே தரை. பதினெட்டு வருடத்தில் என் கிரேனை இவ்வளவு நேரம் அண்ணாந்து பார்த்ததில்லை. கழுத்து வலிக்கிறது.

மத்தியானம் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு கட்டுக் கம்பி இறங்க வேண்டியிருந்தது. "இன்னிக்கு நீங்க காட்டுங்கண்ணே. அவன் உங்களைப் பாத்தா பயப்படுவான்" என்று விசில் ஒதுங்கிக்கொண்டான். மேலே இருக்கிறவனுக்கு நான் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றேன். வலது கையால் இறக்கு, இறக்கு என்று காட்டினேன். கம்பி மெதுவாக வந்தது. தரைக்கு ஒரு முழம் இருக்கும்போது இடது கையைத் தூக்கி விரித்தேன். நின்றது. ஆடவில்லை.

சாயங்காலம் சிமுலேட்டரில் பத்து முறை இறங்கினேன். மூன்று மட்டும் கோட்டைத் தாண்டின.

அவள் வேலையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. இரண்டு வாரமாக ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

"ஒண்ணும் பண்ணலை. நல்லா இருக்கேன்" என்று நானே சொன்னேன்.