அருளப்பன் மாமா உணவு கொடுத்த நாடு

சேசு மரி சூசை துணை

லிந்துலை
11.10.1953

அன்பு மகள் மார்கிரட்டுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே எல்லோரும் சுகம், சென்னையில் நீயும் சுகமாயிருக்க தினமும் செபமாலையில் உனக்கென்று ஒரு பத்து மணி சொல்கிறேன். மழை விடவில்லை, அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாத நாளில்லை. ஆஸ்பத்திரியில் இரவு வேலை என்று எழுதியிருந்தாய், வெறும் வயிற்றோடு நிற்காதே.

பெரிய செய்தி என்னவென்றால் போன செவ்வாய்க்கிழமை நுவரெலியாவில் நம் பிரஜாவுரிமை விசாரணை நடந்தது. அப்பா, நான், உன் அருளப்பன் மாமா மூன்று பேரும் காலை பஸ்ஸில் போனோம். முப்பத்தொன்பதாம் வருடத்திலிருந்து இங்கேயே இருந்தோம் என்று காட்ட வேண்டுமாம். விசாரணைக்கு முன்பே, பழைய செக்ரோல் பேர்ப்புத்தகத்தைக் கரையான் அரித்துவிட்டது என்று தோட்டத்து ஆபிசில் கைவிரித்துவிட்டார்கள், அப்பா மனம் உடைந்து போனார். மாமாதான் கோயிலுக்குப் போய் சுவாமியாரிடம் கேட்டு, பழைய புத்தகங்களை இரண்டு நாள் புரட்டி எழுதி வாங்கி வந்தார். ஒன்று உன் ஞானஸ்நானம். இன்னொன்று உனக்குப் பின் பிறந்த தம்பியை முப்பத்தொன்பது தை மாதத்தில் அடக்கம் செய்த பதிவு. விசாரணைத் துரை அதைப் படித்துவிட்டு, இந்தப் பிள்ளை யார் என்று கேட்டார். என் மகன் என்றேன். ஆறு மாதம் மட்டும் இருந்த பிள்ளை, நாங்கள் இங்கே வாழ்ந்ததற்கு அவன்தான் சாட்சியானான். துரை அந்தப் பதிவைக் கோப்பில் சேர்த்து வைத்தார். பிறகு அப்பா பெயர், என் பெயர், உன் பெயர் மூன்றையும் ஏற்றுக்கொண்டதாகச் சொன்னார்.

அதோடு விடவில்லை, மாமாவைப் பார்த்து நீ எந்த நாட்டுக்காரன் என்று கேட்டார். மாமா எழுந்து நின்று, நான் வேல பாத்த நாடு இப்ப இல்லீங்க தொரை, இவங்க இருக்கிற நாடு இருக்கு, காயிதந்தான் இல்லாம இருந்திச்சு என்றார். துரை சிரிக்கவில்லை, உட்காரச் சொன்னார்.

மலாயாவிலிருந்து வந்து ஏழு வருடமாகியும் வாய் திறக்காத மனுஷன், திரும்பி வரும் பஸ்ஸில் எல்லாம் சொன்னார். யுத்தத்தின் நடுவில் சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசு என்று ஒன்றை அறிவித்தார்களே, அதில் மலாயாவில் தான் இருந்த ஊர்க் கிளைக்கு உணவுப் பொறுப்பு இவருக்காம். தலைவர்களாக வந்தவர்கள் யார் என்று நினைக்கிறாய், வக்கீல், டாக்டர், கடைக்காரர், ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி, இப்படிப்பட்டவர்கள்தானாம். மண் ஒரு பிடி கையில் இல்லாமல் நாடு என்கிறோமே என்று இவர் கேட்டதற்கு, கிளைத் தலைவராயிருந்த கணேசமூர்த்தி டாக்டர், மொதல்ல நம்ம சனத்தோட பசியப் பாருங்க, அதுதான் நாடு என்றாராம். அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கு நட்டு நானூறு பேருக்குக் கஞ்சி ஊற்றினாராம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் வைத்தார்களாம். அந்த டாக்டர் குண்டு வீச்சில் போய்விட்டார். தோத்துட்டீங்களே அண்ணே என்று நான் கேட்டேன். அரசாங்கம் தோத்திச்சு தங்கச்சி, அந்தப் பிள்ளைக எழுதப் படிச்சிருச்சே என்றார்.

ஆனால் மாமாவின் சொந்த விண்ணப்பம் இரண்டு மாதத்துக்கு முன்பே தள்ளப்பட்டுவிட்டது. எட்டு வருடம் மலாயாவில் இருந்தது குற்றமாகிவிட்டது. நம் லயத்து வீடுகளில் முப்பது குடும்பத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவருக்கே இல்லை என்று எனக்கு ஆத்திரம். அவர் கலங்கவில்லை, அப்பீல் எழுதிவிட்டார். அடுத்த லயத்துப் பழனியாண்டி, கைநாட்டு வச்சா இந்தியாவுக்குக் கப்பலேத்திருவாங்க என்று மாமா விண்ணப்பம் எழுதக் கூப்பிட்ட அன்றைக்கு ஓடி ஒளிந்தவர், அவரே வீடு வீடாகப் போய் அப்பீலுக்குச் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். நூற்றிருபது பேர். இந்துக்கள், வேதக்காரர்கள், யாரும் மறுக்கவில்லை. கிடைக்கும் என்று எனக்கு மனதில் தோன்றுகிறது.

ஒன்றை மறக்காதே மகளே. வருடக்கணக்கில் வெளியூரில் தங்கினால் பதிவுக்குக் கேடு வரலாம் என்று மாமா சொல்கிறார். நீ போய் டிசம்பரில் ஒரு வருடமாகிறது, நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே லீவு கேட்டு வந்துவிடு. மாமாவின் அப்பீல் விசாரணை ஜனவரி பதினெட்டில், நீயும் கூட வந்தால் அவருக்குத் தெம்பு. மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், நல்ல பிள்ளையாக, தைரியமான பிள்ளையாக இரு. பயணச்சீட்டு எடுத்ததும் இரண்டு வரி போடு, அப்பா தலவாக்கலை ஸ்டேஷனுக்கு வருவார்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா
யே. இராசம்மா