தேய்ந்த தங்கம்

முன்னறைப் பட்டறையிலிருந்து உமி கருகும் வாசம் வருகிறது. நீங்க போனபிறகு அணைந்து கிடந்த அடுப்பை இன்றைக்கு உங்க தம்பி மூட்டியிருக்கிறார். என் தாலியை உருக்கத்தான். தை மாதம் நம்ம மகளுக்குக் கல்யாணம், தோடு செய்யணும். நானேதான் எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, அங்குட்டுப் போக மனசில்லாமல் அடுப்படியில் உட்கார்ந்து உங்களுக்கு இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதீக.

ஒரு வாத்தியார் சங்கிலி கொண்டுவந்து, எடை குறையுதே என்று சண்டைக்கு நின்றாரே, நினைவிருக்கா? தேய்மானம் என்றீக. இங்கிலீஷில் அதை ‘வேர் அவே’ம்பாக என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அன்றையிலிருந்து உங்களைப் பிடிக்க முடியவில்லை. தராசைத் தூக்கினாலே ‘வேர் அவே’தான். நகை செய்யக் கொடுக்க வந்த நேமத்தான்பட்டி ஆச்சி கேட்டாகளே, “ஏன் பத்தரே, இங்கிலீஷ்ல சொன்னா எடை கூடிருமாக்கும்?”

எனக்கும் சொல்லித் தந்தீக. “உடைஞ்சதுக்கு, தொலைஞ்சதுக்கு அந்தச் சொல்லு ஆகாது. உரசி உரசிக் கண்ணுக்குத் தெரியாமப் போகுதுல்ல, அதுக்குத்தான். ஆத்துக் கல்லு தண்ணி பட்டுத் தேயிறது, வாசப்படி கால் பட்டுத் தேயிறது...”

“அப்ப உங்க கோவம்?”

“அதுக்கு நீ இன்னுங் கொஞ்சம் உரசணும்.”

ஊருக்கெல்லாம் அறுந்த நகையைப் பற்றவைத்த நீங்க, என் தாலியின் வளையம் நூலாய்த் தேய்ந்த பிறகுதான் பார்த்தீக. நல்ல நாள் பார்த்து, கழுத்தில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு கழற்றித் தந்தேன். நிறுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினீக. பட்டறைக் குப்பையைக்கூட விடாமல் அலசித் தங்கத்தூள் எடுக்கிற ஆளாச்சே, போனதெல்லாம் எங்கே என்று கேட்டேன்.

“எங்க போகும்? உம்மேலதான் இருக்கு. உன்னைய அலசினாத்தான் கிடைக்கும்.”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவந்துவிட்டேன்.

நாளாக நாளாகத் துக்கம் தேஞ்சுரும் என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். நீங்க அப்படித் தேய்ந்து போகவில்லையே. காப்பி கேட்டீக. ஆற்றிக் கொண்டுவருவதற்குள் ஊதுகுழல் கையில் இருக்க, சுவரோடு சாய்ந்திருந்தீக. அதற்கு என்ன சொல் என்று நீங்க சொல்லித் தரவில்லை. இப்போதும் சில நாள் இரண்டு டம்ளருக்கு ஆற்றிவிடுகிறேன்.

கழற்றிய தாலி இத்தனை நாளும் பெட்டியில் கிடந்தது. அங்கே உரச ஆள் ஏது? ஒரு பொட்டும் தேய்ந்திருக்காது.

இதோ, உங்க தம்பி கூப்பிடுகிறார்.

“மதினி, நிறுத்தாச்சு. அண்ணன் செஞ்சப்ப இருந்த எடை இல்ல. நல்லாவே குறையுது.”

“தெரியும் தம்பி. நெருப்புல வைங்க.”

இருக்கிறது மகளுக்குப் போகட்டும். குறைந்தது என்கிட்டே இருக்கிறது.